எரிந்ததா, எரியவில்லையா? இணைய விளையாட்டில் வேடம் பூணுதல் பற்றி ஓர் ஆராய்வு

மாசித் திங்களிலே மூன்றாம் பிறை தோன்றியதும் மலைநாட்டுத் தோட்டங்களில் காமன் பொட்டலிலே கம்பம் ஊன்றப்படுவதையும், அன்று தொடங்கித் தப்பின் ஓசை இரவுதோறும் லயங்களை எழுப்புவதையும் எம் கல்லூரியின் பழைய மாணவர் பலரும் நன்கறிவர். எல்கடுவைப் பகுதியிலே பிறந்து வளர்ந்த எம்போன்றோர்க்கு அவ்வோசை பிள்ளைப் பருவத்தோடு ஒன்றிய ஓசையாகும். பகலிலே றப்பர் மரத்திற் பால் வெட்டும் தொழிலாளி ஒருவர் அன்றிரவு மன்மதனாவார். காப்புக் கட்டி விரதம் பூண்ட அவரை அன்று பெயர் சொல்லி அழைப்பாரிலர். அவர் பக்கலில் ரதியாக நிற்பவரும் ஓர் ஆடவரே. எனினும் விடியற்காலையில் சிவபெருமானின் நெற்றிக்கண்ணால் மன்மதன் எரிந்து வீழ்ந்ததும், அவ்வாடவர் பாடும் ஒப்பாரியைக் கேட்டுக் கண்ணீர் சிந்தாத தாய்மாரை நாம் கண்டதில்லை.

இத்தகைய எமக்கு அண்மையிலே ஒரு வியப்பு நேர்ந்தது. விடுமுறைக்கு ஊர் வந்திருந்த மாணவர் ஒருவர் இரவிலே கணினியின் முன்னமர்ந்து எதையோ தட்டச்சுச் செய்துகொண்டிருந்தார். விளையாட்டோ என வினவினோம். "விளையாட்டுத்தான் ஐயா, ஆனால் இங்கே நான் ஒரு கொல்லன். இன்றிரவு எங்கள் ஊரிலே சந்தை. கலப்பைக்குக் கொழு கேட்டு ஒருவர் வருவார், அவரோடு எனக்கு ஒரு பழைய பகையுண்டு," என்றார். அவ்வூர் எங்குளது எனக் கேட்டோம். அவ்வுலகை ஆக்கிய கம்பனி இப்பொழுது அதனை அந்த வடிவத்தில் நடத்துவதில்லை என்றும், விளையாடுவோரே தம் கைப்பொருளைக் கொண்டு நடத்துகின்றனர் என்றும், என்றேனும் ஒருநாள் அது முன்னறிவிப்பின்றி மறைந்துவிடக்கூடும் என்றும் அவர் கூறினார். அவ்விறுதிச் சொல்லைச் சொன்னபோது அவர் முகத்தில் தோன்றிய கவலை பொய்யன்று. அக்கவலை யாது, அதன் நியாயம் யாது என்பவற்றை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வுலகங்கள் தோன்றிய வரலாறு

1974ஆம் ஆண்டிலே அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்னும் இருவர் 'டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்' என்றொரு விளையாட்டை வெளியிட்டனர். ஒரு மேசையைச் சுற்றிச் சிலர் அமர்வர். ஒருவர் கதை நடத்துவார். ஏனையோர் வீரனாகவும் மந்திரவாதியாகவும் கள்வனாகவும் தம்மைப் பாவித்து, யாது செய்வோம் என்பதை வாயாற் கூறுவர். 1978ஆம் ஆண்டிலே இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ரோய் டிரப்ஷோ, ரிச்சட் பார்ட்டில் என்னும் மாணவர் இருவர் இத்தகைய உலகொன்றைக் கணினியினுள் அமைத்தனர். அதிற் படமில்லை, எழுத்து மட்டுமே உண்டு. ஆயினும் பலர் ஒரே காலத்தில் ஒரே உலகினுள் நுழைந்து ஒருவரோடொருவர் உரையாட முடிந்தது. பின்னர் வந்த பெருவிளையாட்டுகள் பலவற்றுக்கு அதுவே முன்னோடி.

1997இல் 'அல்ட்டிமா ஒன்லைன்', 1999இல் 'எவர்குவெஸ்ட்', 2004இல் 'வேர்ல்ட் ஒவ் வார்கிராப்ட்' எனப் படத்தோடு கூடிய உலகங்கள் வந்தன. இறுதியிற் கூறியதற்கு 2010ஆம் ஆண்டிலே மாதக் கட்டணம் முதலியன செலுத்தி நுழைந்தோர் 1 கோடி 20 இலட்சம் பேர் ஆவர். காடு, மலை, கோட்டை, சந்தை, துறைமுகம் யாவும் அங்குள. நுழைவோர் தமக்கென ஓர் உருவத்தைத் தெரிந்து, பெயரிட்டு, அவ்வுலகிலே உலாவுவர்.

வெற்றிக்கன்று, வேடத்துக்கு

அங்கு நுழைவோருட் பெரும்பாலார் பகைவரைக் கொன்று, படிப்படியாக வலிமை பெற்று, அரிய ஆயுதங்களை ஈட்டுதலையே விரும்புவர். சிறுபான்மையோர்க்கு அது பொருட்டன்று. அவர் தாம் பூண்ட வேடமாகவே வாழ விழைவர். கொல்லனாகவும் மருத்துவச்சியாகவும் நாடிழந்த இளவரசனாகவும் தம்மைப் பாவித்து, அவ்வேடத்துக்கேற்ற மொழியிலே பேசிச் சண்டையும் சமாதானமும் திருமணமும் சாவும் நிகழ்த்துவர். நூல் எழுதி வைத்த நாடகமன்று அது. உடனிருப்போர் சொல்லும் சொல்லுக்கேற்ப அந்நொடியிலே விளைவது. பார்ப்போர் என ஒரு தனிக் கூட்டம் இல்லை. ஆடுவோரே அவையோர்.

இவ்வாட்டத்துக்கு எழுதாச் சட்டங்கள் சில உள. வேடத்துள் நின்று பேசுவது வேறு, வேடத்தைக் கழற்றிப் பேசுவது வேறு. பின்னையதை இரட்டை அடைப்புக்குறிக்குள் எழுதுதல் வழக்கம். கூத்தினிடையே மன்மதன் வேடம் பூண்டவர் 'தண்ணீர் கொண்டுவா' எனத் தாழ்ந்த குரலிற் சொல்வது போன்றது அது. இரண்டாவது சட்டம், ஒருவர் பிறருடைய செயலைத் தாம் தீர்மானித்தலாகாது என்பது. 'நான் வாளை ஓங்கினேன்' எனலாம். 'உன் கை துண்டாயிற்று' எனலாகாது. கை துண்டாயிற்றா என்பதைச் சொல்லும் உரிமை அக்கைக்கு உரியவருக்கே உண்டு. மூன்றாவது, ஆடுபவர் அறிந்ததை வேடம் அறிந்ததாகக் கொள்ளலாகாது. மறைவிலே நடந்த சதியைத் திரையிற் படித்துவிட்டு, அங்கில்லாத கொல்லன் அதனை அறிந்தவன்போல் நடந்தால் ஆட்டம் கெடும். சிவன் வருவான் என்பதை மன்மதன் வேடதாரி அறிவார், மன்மதன் அறியான். கூத்திலே இயல்பாகக் கைக்கொள்ளும் இம்முறைமையை இணையத்தார் தாமே கண்டறிந்து விதியாக வகுத்துக்கொண்டமை எமக்கு மகிழ்ச்சி தந்தது.

தனி வழங்கி என்பது யாது?

இவ்விளையாட்டுகள் இரு கூறாக அமைந்தவை. விளையாடுவோரின் கணினியில் ஒரு கூறு உண்டு. படங்கள், இசை, நிலப்படம் யாவும் அதில் அடங்கும். இதனைக் கூத்துக்குரிய உடுப்புப் பெட்டி எனலாம். மற்றைய கூறு கம்பனியின் கணினியில் இருக்கும். யார் எங்கு நிற்கிறார், யார் யாது சொன்னார், கதவு திறந்ததா மூடியதா என்பவற்றைக் கணந்தோறும் கணக்கிட்டு எல்லோர்க்கும் அறிவிப்பது அதுவே. அதனை வழங்கி என்பர். கூத்து வாத்தியாரை ஒத்தது அது. வாத்தியார் இன்றேல் உடுப்புப் பெட்டி வெறும் பெட்டியே.

கம்பனி உடுப்புப் பெட்டியை விற்கும். வாத்தியாரை ஒருபோதும் விற்பதில்லை. ஆகவே ஆர்வலர் ஓர் உபாயம் கண்டனர். தம் கணினிக்கும் கம்பனியின் வழங்கிக்கும் இடையே ஓடும் செய்திகளை நெடுங்காலம் உற்று நோக்கினர். இன்ன வினாவுக்கு இன்ன விடை வருகின்றது என்பதைக் குறித்துவைத்து, அதே விடைகளைத் தரும் புதிய நிரலொன்றைத் தாமே எழுதினர். 'வேர்ல்ட் ஒவ் வார்கிராப்ட்' விளையாட்டுக்கு 2005ஆம் ஆண்டளவில் 'மாங்கோஸ்' என்னும் நிரல் இவ்வாறு தோன்றியது. எவரும் எடுத்துத் திருத்தத்தக்க கட்டற்ற மென்பொருளாக அது பரவிற்று. இவ்வாறு ஆர்வலர் தாமே நிறுவி நடத்துவதே தனி வழங்கி.

இதனை எம் முன்னோர் கதையோடு வைத்து நோக்குதல் விளக்கத்துக்கு உதவும். தமிழகத்துச் சிற்றூர்களிலே காமன் பண்டிகை நடந்தது. அங்கிருந்து கூலிகளாகக் கடல் கடந்து, தலைமன்னார்க் கரையிலிருந்து காட்டு வழியே மாத்தளை நோக்கி நடந்தோர், பொட்டலையும் கம்பத்தையும் சுமந்து வரவில்லை. பாட்டையும் முறையையும் நெஞ்சிலே சுமந்து வந்தனர். வந்த இடத்திலே நினைவைக்கொண்டு அதே கூத்தை மறுபடி நிறுவினர். நிறுவியபின் தம் துயரையும் தம் நகையையும் அதனுட் புகுத்தினர். மலையக மக்களின் 200 ஆண்டு நிறைவையொட்டி 2023ஆம் ஆண்டிலே அவ்வழித்தடத்தைப் பின்பற்றித் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை பலர் நடந்து வந்ததை நாம் மறக்கவில்லை. ஆட்டத்தின் உயிர் பொருளில் இல்லை, முறையை அறிந்தோரிடம் உளது என்பதற்கு இதனின் மேலான சான்று வேண்டுவதில்லை.

வேடம் பூணுவோர் தனி வழங்கியை நாடுவதற்குக் காரணம் இரண்டு. ஒன்று, கம்பனி தன் உலகை ஆண்டுதோறும் மாற்றும். பழைய ஊர் அழிந்து புதிய ஊர் வரும். தாம் வாழ்ந்த ஊரே வேண்டும் என்போர்க்கு வேறு வழியில்லை. மற்றது, கம்பனியின் உலகிலே ஒருவர் நாற்காலி ஒன்றையும் தம் விருப்பப்படி வைத்தல் அரிது. 'எப்சிலன்' போன்ற தனி வழங்கிகளிலோ போரும் படிநிலையும் ஒதுக்கப்பட்டு, வீடு கட்டவும் தெரு அமைக்கவும் மலையொன்றை எழுப்பவும் ஆடுவோர்க்கு உரிமை உண்டு.

உலகங்கள் எரிந்த கதை

இனி எம் மாணவரின் கவலைக்கு வருவோம். 2015ஆம் ஆண்டிலே 'நொஸ்டல்ரியஸ்' என்னும் தனி வழங்கி திறக்கப்பட்டது. 'வேர்ல்ட் ஒவ் வார்கிராப்ட்' விளையாட்டின் தொடக்க கால வடிவத்தைக் கட்டணமின்றி அது அளித்தது. 8 இலட்சம் கணக்குகள் பதிவாயின என்றும், அவற்றுள் 1½ இலட்சம் நடைமுறையில் இருந்தன என்றும் நடத்துநர் கூறினர். உரிமை பெற்ற பிளிசார்ட் நிறுவனத்தின் சட்டத்தரணிகள் கடிதம் அனுப்பினர். 2016 ஏப்பிரல் 10ஆந் திகதி அவ்வுலகம் மூடப்பட்டது. இறுதி வேளையிலே ஆயிரக்கணக்கானோர் ஒன்றுகூடி ஊர்வலமாக நடந்து சென்றனர். திரை இருண்டது, அவ்வளவே.

ஆயினும் கதை அத்துடன் முடியவில்லை. 2½ இலட்சத்துக்கு மேற்பட்டோர் கையொப்பமிட்ட விண்ணப்பம் அச்சிடப்பட்டு நிறுவனத் தலைவரின் கையிற் சேர்க்கப்பட்டது. பழையதை எவரும் விரும்பார் எனக் கருதியிருந்த அந்நிறுவனமே 2019 ஆகஸ்டு மாத இறுதியில் அப்பழைய வடிவத்தைத் தானே திறந்தது. ரதியின் முறையீட்டுக்கு இறைவன் இரங்கியது போன்றது அது.

இன்னொரு கதை 'சிற்றி ஒவ் ஹீரோஸ்' பற்றியது. இது வாள் மந்திர உலகமன்று. பறக்கும் வீரரின் நகரம். 2004இல் திறக்கப்பட்ட இந்நகரில் வேடம் பூணுவோர் தமக்கென 'வர்ச்சூ' என்னும் பகுதியைத் தெரிந்து குடியேறினர். 2012ஆம் ஆண்டிலே நகரை மூடப்போவதாக அதன் உரிமையாளரான என்சிசொப்ட் நிறுவனம் அறிவித்தபோது, நகர மண்டபத்தின் முன் பலர் தீப்பந்தம் ஏந்தித் திரண்டு நின்றனர். பயன் விளையவில்லை. நவம்பர் 30ஆந் திகதி நகரம் மறைந்தது.

2019ஆம் ஆண்டிலே ஓர் உண்மை வெளிப்பட்டது. ஒரு சிறு குழுவினர் அந்நகரை ஆண்டுக்கணக்காக இரகசியத் தனி வழங்கியிலே பேணி வந்திருந்தனர். அறிந்தோர் மகிழ்ந்தனர்; அதனினும் மிகுதியாகச் சினந்தனர். 'நாங்கள் இழந்ததாக எண்ணி அழுதபோது நீங்கள் கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளே இருந்தீரோ' என்பதே அவர் வினா. பின்னர் நிரல் பொதுவில் வந்தது. 'ஹோம்கமிங்' என்னும் தன்னார்வக் குழு நகரைத் திறந்துவைத்தது. 2024 ஜனவரியிலே என்சிசொப்ட் நிறுவனம் அக்குழுவுக்கு முறையான உரிமமும் வழங்கிற்று. 11 ஆண்டுகளின் பின் அந்நகரத்தார் ஒளிந்து வாழும் நிலை நீங்கினர்.

தஞ்சைப் பகுதியிலே லாவணி பாடுவோர் எரிந்த கட்சி, எரியாத கட்சி என இரு பிரிவாகி, காமன் எரிந்தானா இல்லையா என விடியுமட்டும் வாதிடுவர். மேற்கூறிய கதைகளைக் கேட்ட எமக்கு அவ்வாதமே நினைவில் எழுந்தது. வழங்கி எரிந்தது உண்மை. எனினும் மன்மதன் உருவிழந்து அநங்கனாகி ரதியின் கண்ணுக்கு மட்டும் புலப்பட்டதுபோல, அவ்வுலகமும் தன்னை நேசித்தோரிடத்து எஞ்சியிருந்தது.

நியாயம் யார் பக்கம்?

நேசம் ஒன்றே உரிமையாகிவிடாது. காமன் கதைக்கு உடையவர் இலர். காளிதாசர் அதனைக் குமாரசம்பவத்திற் பாடினார். கச்சியப்ப சிவாசாரியார் கந்தபுராணத்திலே காமதகனப் படலமாக அமைத்தார். எம் தோட்டத்து வாத்தியாரும் தம் பாட்டிலே பாடினார். எவரும் எவரிடமும் அனுமதி கேட்கவில்லை. இணைய உலகங்களோ பலருடைய ஊதியம் பெற்ற உழைப்பினால் அண்மையிலே ஆக்கப்பட்டவை. எமது நாட்டின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டமும் கணினி நிரல்களை ஆக்கங்களாகக் கொண்டு காக்கின்றது. பிறர் ஆக்கத்தை அனுமதியின்றி நடத்துவோர் சட்டத்தின் முன் வலுவற்றவரே.

அதிலும் பொருளாசை புகுந்தவிடத்து நியாயம் முற்றும் அகலும். 'ஸ்கேப்கேமிங்' என்னும் தனி வழங்கியை நடத்தியவர் விளையாடுவோரிடம் பெருந்தொகை பெற்றமையால், 2010ஆம் ஆண்டிலே அமெரிக்க நீதிமன்றம் 8 கோடி 80 இலட்சம் டொலருக்கு மேற்பட்ட தொகையைச் செலுத்துமாறு தீர்ப்பளித்தது.

இதற்கு மறுதலையாக நல்வழியும் உண்டு. 'எவர்குவெஸ்ட்' விளையாட்டின் பழைய வடிவத்தை 2009 முதல் இலாபமின்றி நடத்திவந்த 'புரொஜெக்ட் 1999' குழுவினர், 2015ஆம் ஆண்டிலே உரிமையாளரான டேபிரேக் நிறுவனத்தோடு எழுத்து மூலம் உடன்படிக்கை செய்துகொண்டனர். கனடா நாட்டு பயோவெயார் நிறுவனம் 2002ஆம் ஆண்டிலே 'நெவர்விண்டர் நைட்ஸ்' விளையாட்டை வெளியிட்டபோது, உலகம் சமைக்கும் கருவிகளையும் வழங்கியையும் சேர்த்தே வாங்குவோரிடம் கொடுத்துவிட்டது. அதனால் ஆர்வலர் அமைத்த வேட உலகங்கள் சில இன்றும் அச்சமின்றி நடைபெறுகின்றன. ஆக்கியோர் திறப்பைத் தர மனங்கொண்டால் ஒளிவுக்கே இடமில்லை என்பது இதனாற் பெறப்படும். எம் கருத்தும் இதுவே. ஒரு கம்பனி தன் உலகை மூடும்போது, அதனைப் பேண முன்வருவோர்க்கு இலாப நோக்கின்றி நடத்தும் உரிமையைக் கொடுத்துச் செல்லுதல் அறமாகும். உலகைக் கட்டியது கம்பனியே. அதனை ஊராக்கியோர் அதிலே குடியிருந்தோர் அல்லரோ?

லயத்திலே பிறந்தோர்க்கு இவ்வினா புதிதன்று. தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து, பிள்ளை பெற்று, கோவில் கட்டி, கூத்தாடிய நிலம் பிறருடையது என்பதை எம்மவர் அறிவர். காமன் பொட்டலும் தோட்டத்து மண்ணே. ஆகவே, 'இது உன்னுடையதன்று' என்னும் சொல்லுக்கும், 'இங்கேதான் நான் வாழ்ந்தேன்' என்னும் சொல்லுக்கும் இடையேயுள்ள தூரத்தை எமக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை.

இளையோர்க்குச் சில சொற்கள்

தனி வழங்கியை நாடும் மாணவர்க்கு நாம் கூறத்தக்கன சிலவே. அனுமதி பெற்று நடப்பவற்றைத் தெரிந்து செல்க. பணம் கேட்பாரை ஐயுறுக. மின்னஞ்சலுக்குரிய கடவுச்சொல்லை அங்கும் பயன்படுத்தற்க. வேடத்தின் மறைவிலே முதியோர் இளையோராகவும் தீயோர் நல்லோராகவும் தோன்றக்கூடும் என்பதை மறவற்க. உவப்பில்லாத கதை எழுந்தால் இரட்டை அடைப்புக்குறியிட்டு 'வேண்டாம்' என்க; அதனை மதியாதார் ஆட்டத்துக்கு உரியரல்லர். கூத்துக்கு விடியல் உண்டு. கணினிக்கு விடியல் இல்லை. அதனை வரையறுத்தல் ஆடுவோர் கடனாகும்.

நிறைவாக ஒன்று. பழைய இணைய உலகொன்றை மீட்பதற்கு இளைஞர் ஆண்டுக்கணக்காக முயன்றனர், செய்திகளைக் குறித்தனர், மறந்த விதிகளை ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்தனர். எம் காமன் கூத்தின் பாட்டுகளை முற்றும் அறிந்த வாத்தியார்களோ முதுமையடைந்து வருகின்றனர். கம்பம் ஊன்றப்படாத பொட்டல்கள் பெருகுகின்றன. மாத்தளை வடிவேலன் போன்றோர் மலையகக் கலைகளை ஆராய்ந்து நூலில் பதித்தமை பேருபகாரம். எனினும் நூல் உடுப்புப் பெட்டியே; ஆடுவோர் வேண்டும்.

இதனை அம்மாணவரிடம் கூறினோம். அவர் சிறிது நேரம் மௌனமாயிருந்தார். பின்னர், "அந்தப் பாட்டுகளை யாரிடம் கேட்டு எழுதலாம் ஐயா?" என வினவினார். எமக்குத் தெரிந்த முதியவர் இருவரின் லயத்தைக் காட்டினோம். வரும் மாசிக்கு முன் அவர் அங்கு செல்வார் என நம்புகின்றோம்.